மனிதப் பிறபொருளெதிரி தரும் பசுக்கள்: புடையன் கடிக்கு எப்போது?

வெள்ளவத்தை வாசி (இரவு 9.12)

உறவுகளே, சென்ற மாதம் கிளிநொச்சியில் வயலுக்கு நீர் பார்க்கப் போன என் தம்பியைப் புடையன் கடித்துவிட்டது. இந்தியாவில் கண்ணாடி விரியன் என்கிறார்களே, அதுதான். செய்தி வந்தபோது நான் காலி வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்தேன்.

வார்டில் அவனுடைய இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார்களாம். பிறகு சாய்த்துப் பார்த்தபோது தண்ணீர்போல ஓடியது என்று அம்மா சொன்னார். உறையவே இல்லை. உடனே பாம்புக்கடி மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். பத்து நிமிடம் ஆகவில்லை, உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. மருந்தை நிறுத்தி, அட்ரினலின் போட்டு, மூச்சு சீரானதும் மறுபடி மெல்ல ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த வைத்தியரையும் தாதிமாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

விடியற்காலை ஒரு தாதி என்னிடம் சொன்னார்: "அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து தம்பி. சிலருடைய உடம்பு ஏற்காது." அந்தச் சொல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. பாம்பு கொல்லாத என் தம்பியை மருந்து கொன்றிருக்கக்கூடும் அல்லவா?

கடந்த வாரம் வாசித்த ஒரு கட்டுரையில், மரபணு மாற்றப்பட்ட பசுக்களின் உடம்பில் மனிதரின் பிறபொருளெதிரிகளையே (நோயையும் நஞ்சையும் பற்றி அடக்கும் இரத்தப் புரதங்கள், antibody) சுரக்க வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது. உண்மையா? உண்மையென்றால் நாம் ஏன் இன்னும் குதிரையை நம்பியிருக்கிறோம்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நுண்நோக்கி (இரவு 9.47)

வெள்ளவத்தை அண்ணா, தம்பி தேறியது பெரிய ஆறுதல். நான் பொரளைப் பக்கம் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வைத்தியர் அல்ல. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குதிரை முறை மிகப் பழையது. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும், நோய் கண்டு தேறிய விலங்கின் நீர்ப்பாயம் (இரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிந்த நீர்) இன்னொரு விலங்கைக் காக்கும் என்று காட்டினார்கள். பேரிங்குக்கு 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளில் கல்மெட் அதே வழியில் பாம்பு நஞ்சுக்கு மருந்து செய்தார். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைக் கொடுக்க வேண்டும், அதன் உடம்பு பிறபொருளெதிரிகளை உருவாக்கும், இரத்தத்தை எடுத்து அவற்றைப் பிரிக்க வேண்டும். நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தும் அடிப்படை மாறவில்லை. இப்போது பெப்சின் நொதியால் பிறபொருளெதிரியின் வால் பகுதியை வெட்டி நீக்குகிறார்கள். அப்போதும் எஞ்சுவது குதிரைப் புரதம்தான்.

நம் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொள்கிறது. சிலருக்கு நிமிடங்களில் உங்கள் தம்பிக்கு வந்ததுபோல வரும். சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்பும் வரும். இந்த விடயத்தில் நம் நாடு உலகுக்கே ஒரு பாடம் தந்திருக்கிறது. 2011இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் 1007 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்பே சிறிய அளவு அட்ரினலினைத் தோலின் கீழ் போட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைகிறது என்று அது நிறுவியது. வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படிக் காக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் ஏற்றும் மருந்து பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கான நஞ்சில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. அவர்களுடைய கைத்திறனுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சும் வன்னிப் பாம்பின் நஞ்சும் அச்சொட்டாக ஒன்றல்ல. நஞ்சு பொருந்தாதபோது அதிகக் குப்பிகள் தேவைப்படும். குப்பி கூடினால் குதிரைப் புரதமும் கூடும்.

பசு விடயம் உண்மைதான். அதைக் கால்நடை படித்தவர்கள் வந்து சொல்லட்டும்.

மகரகம மகள் (இரவு 10.20)

எனக்கு ஒரு சந்தேகம். என் அம்மாவுக்கு மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. வைத்தியர் எழுதிய ஒரு மருந்தின் பெயர் நிவோலுமாப். வெளியில் வாங்க வேண்டும் என்றார். விலையைக் கேட்டுவிட்டு, அப்பாவும் நானும் மருந்தகத்தின் வாசற்படியிலேயே நெடுநேரம் பேசாமல் இருந்தோம். இணையத்தில் தேடியபோது, அது மனித மரபணு புகுத்திய சுண்டெலியில் பிறந்தது என்று இருந்தது. இதுவும் நீங்கள் பேசும் அதே வழிதானா? எலியின் இரத்தத்தையா அம்மாவுக்கு ஏற்றுகிறார்கள்?

நுண்நோக்கி (இரவு 11.05)

தங்கையே, எலியின் இரத்தம் ஒரு துளியும் இல்லை. மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். கேள்வி நல்ல கேள்வி என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும், பிறபொருளெதிரி சுரக்கும் எலியின் கலத்தை ஒரு புற்றுக்கலத்துடன் இணைத்தார்கள். இணைந்த கலம் சாகாமல் பெருகியது, ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஓயாமல் சுரந்தது. 1984இல் நோபல் கிடைத்தது. அந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவே இல்லை. உலகம் முழுவதும் எடுத்துப் பயன்படுத்தியது.

ஆனால் கிடைத்தது எலியின் பிறபொருளெதிரி. 1986இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதிக்கப்பட்டதும் அப்படிப்பட்டதே. நோயாளியின் உடம்பு அதற்கு எதிராகவே பிறபொருளெதிரி செய்தது. குதிரையில் பட்ட பாட்டை எலியிலும் பட்டார்கள்.

அடுத்து வெட்டி ஒட்டினார்கள். நஞ்சையோ புற்றையோ பற்றும் நுனி மட்டும் எலியுடையது, மற்றதெல்லாம் மனிதருடையது. ரிட்டுக்சிமாப் அந்த வகை. பிறகு நுனியிலும் பற்றும் விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மனிதமாக்கினார்கள். மார்புப் புற்றுக்குக் கொடுக்கும் ட்ராஸ்டுசுமாப் அப்படி வந்தது. பெயரிலேயே இந்த வரலாறு இருக்கிறது. "மாப்" என்ற முடிவுக்கு முன்னால் வரும் எழுத்து அதன் பிறப்பைச் சொல்லும். "ஓமாப்" எலி, "சிமாப்" கலப்பு, "சுமாப்" மனிதமாக்கியது, "உமாப்" முழு மனிதம். 2017க்குப் பின் இந்தப் பெயரிடும் முறையைக் கைவிட்டார்கள். ஆனால் பழைய மருந்துகள் அதே பெயரில்தான் இருக்கின்றன. நிவோலுமாப் என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஒட்டுவேலைக்குப் பதிலாக எலியையே மாற்றினால் என்ன என்று கேட்டவர்கள்தான் உங்கள் அம்மாவின் மருந்துக்கு வழி திறந்தார்கள். 1994இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் சாதித்தன. எலி தன் சொந்தப் பிறபொருளெதிரியைச் செய்யும் மரபணுக்களை முடக்கி, மனிதரின் மரபணுக்களைப் புகுத்தினார்கள். சொல்வது எளிது. மனிதரில் அந்த மரபணுக்கள் 14, 2, 22 ஆம் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) நீண்ட தொடர்களாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கலமும் அந்தத் தொடரிலிருந்து துண்டுகளைத் தெரிந்து வெட்டித் தைத்துத் தனக்கென ஒரு பிறபொருளெதிரியைச் செய்துகொள்கிறது. ஒரு குழு அந்த நீண்ட துண்டுகளை ஈஸ்டின் செயற்கை நிறமூர்த்தத்தில் ஏற்றி எலிக்குள் கொண்டுபோனது. அந்த எலி வழியாக வந்து 2006இல் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்ற பனிட்டுமுமாப்தான் இந்த வகை எலிகள் தந்த முதல் மருந்து. மற்ற எலியிலிருந்து 2011இல் இப்பிலிமுமாப் வந்தது, 2014இல் நிவோலுமாப் வந்தது.

பின்னர் இன்னொரு நிறுவனம் ஒரு நுட்பமான திருத்தம் செய்தது. முழு மனிதப் பிறபொருளெதிரியை வைத்தால் அதன் வால் எலியின் கலங்களுடன் சரியாகப் பேசுவதில்லை, எலியின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிறது. ஆகவே பற்றும் நுனியை மட்டும் மனிதமாக்கி, வாலை எலியினதாகவே விட்டார்கள். நல்ல பிறபொருளெதிரி கிடைத்ததும் ஆய்வுகூடத்தில் வாலை மனிதமாக மாற்றிக்கொள்ளலாம். 2020இல் அனுமதி பெற்ற எபோலா மருந்தின் மூன்று பிறபொருளெதிரிகளும் அந்த எலிகளில் பிறந்தவை.

எலி செய்வது தேர்வு மட்டும்தான். கோடிக்கணக்கான வடிவங்களைச் செய்து பார்த்து, மிக நன்றாகப் பற்றுவதைத் தன் உடம்புக்குள் பழுக்க வைக்கிறது. அந்த ஒன்றின் மரபணுவை எடுத்துச் சீன வெள்ளெலியின் சூலகக் கலங்களில் வைக்கிறார்கள். அந்தக் கலங்கள் பெரிய உருக்குத் தொட்டிகளில் வளர்ந்து மருந்தைச் சுரக்கின்றன. அம்மாவுக்கு ஏறுவது அந்தத் தொட்டியில் சுரந்து வடித்துத் தூய்மை செய்தது.

எதிர்க்கேள்வி (இரவு 11.31)

அப்படியென்றால் விலங்கே எதற்கு? சோதனைக்குழாயிலேயே மனிதப் பிறபொருளெதிரி நூலகங்களை, அதாவது பெருந்தொகுப்புகளை, வைத்துத் தேடலாமே. முழு மனிதப் பிறபொருளெதிரியாக முதலில் சந்தைக்கு வந்த அடாலிமுமாப், 2002இல் வைரஸ் மேற்பரப்பில் காட்டும் முறையால் வந்ததுதானே? உயிர்களை வதைக்காமல் முடியும் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நுண்நோக்கி (இரவு 11.44)

உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன். முடிந்த இடத்தில் அதையே செய்ய வேண்டும். ஆனால் குழாயில் கிடைப்பவை பலமுறை மேலும் திருத்த வேண்டியவையாக இருக்கின்றன. விலங்கின் உடம்பு வாரக்கணக்கில் தானே திருத்துகிறது. அதோடு உடம்புக்குள் பிறந்த பிறபொருளெதிரி கரையும் தன்மை, நிலைப்பு போன்றவற்றில் ஏற்கனவே ஒரு சோதனையைக் கடந்து வருகிறது. இரண்டு வழிகளும் இன்று அருகருகே நடக்கின்றன.

கால்நடை மாணவி (காலை 6.15)

வணக்கம். கொட்டாஞ்சேனைக்காரி, பேராதனையில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பசுவைப் பற்றி அண்ணா கேட்டதற்கு வருகிறேன்.

எலி தருவது ஒரே வகைப் பிறபொருளெதிரிக்கான மாதிரி. பாம்பு நஞ்சு ஒரே பொருள் அல்ல. புடையனின் நஞ்சில் இரத்த உறைவைக் குலைக்கும் நொதிகள், தசையையும் நரம்பையும் தாக்கும் பொஸ்போலிப்பேசுகள் என்று பல புரதங்கள் கலந்திருக்கின்றன. நம் நாட்டுப் புடையன் கடித்தவர்களுக்குக் கண்ணிமை தொங்குவது அதனால்தான். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதும். இங்கே பூட்டுகள் பல. குதிரை இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது ஒரே நேரத்தில் பல சாவிகளைச் செய்வதுதான்.

பசுவும் அப்படித்தான், ஆனால் மனிதச் சாவிகளைச் செய்யும். 2002இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் மனிதரின் பிறபொருளெதிரி மரபணுக்களைத் தாங்கிய ஒரு செயற்கை நிறமூர்த்தத்தைப் பசுவின் கலத்துக்குள் வைத்து, அதிலிருந்து குளோனிங் முறையில் கன்றுகளைப் பிறப்பித்தார்கள். எலிக்குச் செய்ததுபோலத் துண்டு துண்டாகப் புகுத்தவில்லை. மனிதத் தொடர் முழுவதையும் ஒரு கூடுதல் நிறமூர்த்தமாகவே கொடுத்தார்கள். ஒவ்வொரு பிறபொருளெதிரியும் கனச்சங்கிலி, இலகுசங்கிலி என்ற இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. பிறகு பசுவின் சொந்தக் கனச்சங்கிலி மரபணுக்களை முடக்கினார்கள். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது, ஏனென்றால் பசுவின் ஒரு தலைமுறைக்கே ஆண்டுகள் வேண்டும். எலியில் சில மாதங்களில் முடிவது இங்கே முடியாது.

அமெரிக்காவின் தென் டகோட்டாவில் ஒரு நிறுவனம் இந்தப் பசுக்களை வளர்க்கிறது. தடுப்பூசி போடுவதுபோல நோய்ப்பொருளைப் பசுவுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பசுவிடமிருந்து மாதத்துக்கு முப்பது லீற்றருக்கு மேல் திரவவிழையம் (இரத்தத்தின் திரவப் பகுதி, பிளாஸ்மா) எடுக்கலாம். செங்கலங்களைப் பசுவுக்கே திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். மேர்ஸ் என்ற சுவாச நோய்க்கு எதிராக இப்படிச் செய்த மருந்தை 38 நலமான தன்னார்வலர்களில் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பாதகம் இல்லை. கோவிட் காலத்தில் செய்த மருந்து மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. ஒமிக்ரோன் வந்து வைத்தியசாலையில் சேர்வோர் குறைந்துவிட்டதால் சோதனையை நிறுத்தினார்கள்.

பசு நூறு வீதம் தூய மருந்து தருவதில்லை. சில பிறபொருளெதிரிகளில் கனச்சங்கிலி மனிதருடையதாகவும் இலகுசங்கிலி பசுவினதாகவும் கலந்துவிடும். அவற்றைப் பிரித்து நீக்க வேண்டும். புரதத்தில் ஒட்டும் சர்க்கரைகளும் பசுவின் கலம் ஒட்டுபவை. இதைப் பெரிதாக்கவில்லை, ஆனால் மறைக்கவும் விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (காலை 7.50)

பிள்ளைகள் எழுதுவதை வாசிக்க நெஞ்சு நிறைகிறது. முப்பது ஆண்டுகள் பம்பலப்பிட்டிப் பக்கத்தில் உயர்தர உயிரியல் கற்பித்தேன். நிறமூர்த்தம், பரம்பரையலகு என்று கரும்பலகையில் எழுதிய சொற்கள் ஒரு பசுவின் உடம்பில் நடமாடும் என்று அன்று நினைத்ததில்லை.

நான் சைவன். எங்கள் வீட்டில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்காமல் அமாவாசை கழிந்ததில்லை. ஆகவே என் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். பசுவிடம் பால் பெறுகிறோம், அதில் கன்றின் பங்கைப் பறிக்கிறோம், அதையே புண்ணியமாகவும் நினைக்கிறோம். கொல்லாமல் எடுக்கும் திரவவிழையம் ஒரு விவசாயியின் உயிரைக் காக்குமானால் அது தானம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரியம்மைக்கு எதிரான முதல் தடுப்பு மருந்தும் பசுவிடமிருந்து வந்ததே. வக்சீன் என்ற சொல்லின் வேரிலேயே பசு இருக்கிறது.

ஆனால் தானம் கொடுப்பவருக்கு விருப்பம் இருக்க வேண்டும். பசுவிடம் நாம் கேட்க முடியாது. அதனால் அதன் நலத்துக்குப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. குளோனிங்கில் கருக்கள் எத்தனை வீணாகின்றன, பிறந்த கன்றுகள் எத்தனை இறக்கின்றன என்பதையும் மகள் சொல்ல வேண்டும்.

கால்நடை மாணவி (காலை 8.22)

ஐயா, நீங்கள் கேட்டது சரி. குளோனிங்கில் பெரும்பாலான கருக்கள் நிலைப்பதில்லை. பிறந்தவற்றிலும் சில பலவீனமாக இருக்கும். அந்த விலையை விலங்குதான் கொடுக்கிறது. ஆனால் ஒரு மந்தை அமைந்துவிட்டால் அதற்குப் பிறகு ஊசியும் இரத்தம் எடுப்பதும்தான். நான் அதைவிடக் கலங்கியது வேறொன்றைப் படித்தபோது. ஒரு காலத்தில், கோலரும் மில்ஸ்டீனும் செய்ததுபோல இணைத்த கலங்களை எலியின் வயிற்றுக்குள் செலுத்தி, வயிறு நீர்கோத்து வீங்க வைத்து, அந்த நீரை ஊசியால் உறிஞ்சிப் பிறபொருளெதிரி எடுத்தார்கள். பல ஐரோப்பிய நாடுகள் அதைத் தடுத்துவிட்டன. தொட்டியில் கலம் வளர்க்கும் முறை வந்தது மனிதருக்கு மட்டுமல்ல, எலிகளுக்கும் நன்மை.

மாளிகாவத்தை வாசகர் (காலை 9.05)

அஸ்ஸலாமு அலைக்கும். பசு எங்களுக்குத் தடையில்லை. எலியில் தெரிந்தெடுத்து வேறு கலத்தில் வளர்ப்பதும் விளங்குகிறது. ஆனால் பன்றியிலும் இப்படிச் செய்கிறார்களா? என் உம்மாவுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் போட்ட இரத்தம் உறையாமலிருக்கும் ஊசி பன்றியின் குடலிலிருந்து வருவது என்று பிறகுதான் தெரிந்தது. உயிர் காக்க வேறு வழியில்லாவிட்டால் மார்க்கத்தில் இடமுண்டு என்று எங்கள் மௌலவி சொன்னார். ஆனாலும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நுண்நோக்கி (காலை 9.40)

வஅலைக்கும் ஸலாம். ஆம், ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருவதே. பிறபொருளெதிரிக்கும் பன்றியைப் பயன்படுத்தும் முயற்சி பிரான்சில் நடந்தது. அங்கே மனித மரபணுவைப் புகுத்தவில்லை. மனித உடம்பு வெறுக்கும் இரண்டு சர்க்கரைகளைச் செய்யும் பன்றி மரபணுக்களை நீக்கினார்கள். நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். மருந்து எங்கிருந்து வருகிறது என்று நோயாளி கேட்காமலே சொல்லப்பட வேண்டும். மூன்று மொழியிலும்.

மருந்தாளர் (பகல் 12.30)

எல்லோரும் விஞ்ஞானத்தில் நிற்கிறீர்கள். நான் மருந்தகத்தில் நிற்கிறவன், ஆகவே வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. விசர்நாய்க்கடிக்கும் இதே கதைதான். கடுமையான கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (ஏற்கனவே செய்து வைத்த பிறபொருளெதிரி) காயத்தில் செலுத்த வேண்டும். அதுவும் குதிரையிலிருந்து, அல்லது மனிதத் திரவவிழையத்திலிருந்து. மனிதருடையது அருமை, விலை அதிகம். சிறுவயதில் என்னை நாய் கடித்தபோது கையில் ஒரு துளியை முதலில் தோலுக்குள் இட்டுப் பார்த்துக் காத்திருந்த அந்த நேரம் இன்றும் நினைவிருக்கிறது. மனித மரபணு புகுத்திய எலியில் கண்டெடுத்த ஒரு பிறபொருளெதிரியை, அமெரிக்க ஆய்வகம் ஒன்றுடன் சேர்ந்து புனேயில் உள்ள சீரம் நிறுவனம் விசர்நாய்க்கடி மருந்தாக்கி, 2016இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய மருந்துகளை ஊக்குவித்தது. பாருங்கள், பணக்கார நாட்டின் புற்றுநோய்க்கு மட்டுமல்ல, தெருநாய் கடித்த ஏழைப் பிள்ளைக்கும் அந்த எலி உதவியிருக்கிறது. இது முடியுமானால் மற்றதும் முடியும் என்பதே என் வாதம்.

இனி கசப்பான செய்தி. 2023இல் நம் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் குப்பிகள் தரமற்றவை என்று தெரியவந்ததை யாரும் மறக்கவில்லை. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதாகும் அளவுக்கு அது போனது. உயிரியல் மருந்து மாத்திரை போன்றதல்ல. அதைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. குளிரில் வைக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும். பசுவில் வந்தாலும் எலியில் வந்தாலும், கொழும்புத் துறைமுகத்திலிருந்து கிளிநொச்சி வார்டு வரை அந்தக் குப்பியைக் காக்கும் நேர்மை நம்மிடம் இருக்க வேண்டும். எனக்கு அதுதான் முதல் கவலை.

வெள்ளவத்தை வாசி (மாலை 6.48)

எல்லோருக்கும் நன்றி. வேலைக்கிடையே ஒவ்வொன்றாக வாசித்தேன். எனக்கு இப்போது கோபம் வருகிறது. எபோலாவுக்கு எலி, மேர்ஸுக்குப் பசு, தோல் அழற்சிக்குக்கூட எலியிலிருந்து மருந்து. புடையனுக்கு மட்டும் இன்னும் குதிரையா? 2016இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஓராண்டில் சுமார் 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள், 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று இன்று படித்தேன். கடி வாங்குபவர்கள் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள். மருந்தை வாங்கும் வசதி அவர்களிடம் இல்லை என்பதுதானே காரணம்?

நுண்நோக்கி (இரவு 8.10)

அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. தொழில்நுட்பம் தானாக ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. ஒரு மந்தையை உருவாக்கச் செலவாகும் பணம், அதைத் திருப்பித் தரும் நோயைத் தேடிப் போகிறது.

ஆனால் வேலை நிற்கவில்லை. 2024இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும், நாகம், விரியன் போன்றவற்றின் ஒரு முக்கிய நரம்பு நஞ்சுக்குடும்பத்தை அடக்கும் ஒரே மனிதப் பிறபொருளெதிரியைச் செயற்கை நூலகத்திலிருந்து கண்டெடுத்தார்கள். இங்கே விரியன் என்று எழுதியது எண்ணெய் விரியனை (இந்தியாவில் கட்டுவிரியன்), புடையனை அல்ல. 2025இல் இன்னொரு குழு, பல ஆண்டுகளாகத் தன் உடம்பில் தானே நஞ்சு ஏற்றிக்கொண்ட ஓர் அமெரிக்கரின் இரத்தத்திலிருந்து இரண்டு பிறபொருளெதிரிகளை எடுத்து, ஒரு சிறுமூலக்கூற்று மருந்துடன் சேர்த்து எலிகளில் சோதித்தது. அதுவும் நாகக் குடும்பத்துக்கே. புடையன் வேறு குடும்பம். நமக்கு வேண்டியது இன்னும் மேசைக்கு வரவில்லை.

இன்னொரு பாம்பையும் மறக்கக்கூடாது. மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன், சிங்களத்தில் குணகட்டுவா. நம் நாட்டில் அதிகமாகக் கடிக்கும் நச்சுப்பாம்பு அதுவே. சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. இந்திய மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகச் செய்வது, அந்தப் பட்டியலில் இது இல்லவே இல்லை. பேராதனையும் கோஸ்டாரிக்காவின் பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் நஞ்சையே வைத்து, குழிவிரியனையும் உட்படுத்தி ஒரு மருந்தைச் செய்தன. 2016இல் அதன் ஆய்வுகூட முடிவுகள் வெளிவந்தன. அதுவும் குதிரை மருந்துதான். ஆனால் சரியான நஞ்சுக்கு எதிரான குதிரை மருந்து. என் கருத்தில் மனிதப் பிறபொருளெதிரி தரும் பசுவுக்காகக் காத்திருப்பதைவிட இதை முதலில் வார்டுக்குக் கொண்டுவருவது அவசரம். பசு வரும் நாளில், அதற்குக் கொடுக்க நம் பாம்பின் நஞ்சும், அதைச் சோதிக்கத் தெரிந்த நம் ஆட்களும் தயாராக இருக்க வேண்டும். அவை இல்லாமல் பசு மட்டும் வந்து பயனில்லை.

கால்நடை மாணவி (இரவு 8.33)

முழு மனத்தோடு ஆமோதிக்கிறேன்.

மகரகம மகள் (இரவு 9.02)

நுண்நோக்கி அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எலிக்கும் நன்றி சொல்லு" என்றார். முதல் தவணைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. இரண்டாவதைப் பிறகு பார்ப்போம்.

வெள்ளவத்தை வாசி (இரவு 9.20)

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்காகச் செல்வச் சந்நிதியில் நேர்ந்துகொள்கிறேன்.

நுண்நோக்கி, கடைசியாக ஒன்று. தம்பி நாளை மறுநாள் மறுபடி வயலுக்குப் போகிறான். தடுத்தும் கேட்கவில்லை. இன்னொரு முறை கடித்தால் அந்த மருந்தை அவனுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அம்மா கூடாது என்கிறார்.

நுண்நோக்கி (இரவு 9.41)

அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள்: நஞ்சு ஏறியிருந்தால் மருந்து கட்டாயம் வேண்டும். முன்பு ஒவ்வாமை வந்தது என்பதற்காக அதை மறுக்கக்கூடாது, நஞ்சு அதைவிடக் கொடியது. ஆனால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். அவர்கள் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு ஏற்றுவார்கள். தம்பி மயங்கியிருந்தால் சொல்ல முடியாது. ஆகவே எழுதி அவனுடைய பணப்பையில் வையுங்கள். கடித்த இடத்தைக் கட்டி இறுக்கவோ வெட்டவோ கூடாது. அசைக்காமல் நேராக வைத்தியசாலைக்கு. முழங்கால் வரை சப்பாத்தும் டோர்ச்சும் வாங்கிக் கொடுங்கள்.

வெள்ளவத்தை வாசி (இரவு 10.28)

எழுதிவிட்டேன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் சிங்களம். சிங்களத்தைப் பக்கத்து வீட்டு அக்கா சரிபார்த்துத் தந்தார். கடித்த திகதி, பாம்பின் பெயர், எத்தனை நிமிடத்தில் ஒவ்வாமை வந்தது, அட்ரினலின் கொடுத்தபின் தேறியது, எல்லாம் இருக்கிறது. பெட்டாவில் சப்பாத்து வாங்கினேன். நாளை இரவு கிளிநொச்சி பஸ்ஸில் இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன்.